வீட்டிலேயே எட்டடி பிளைவுட் மீன் தொட்டி: அளவெடுப்பதிலிருந்து தண்ணீர் நிரப்புவது வரை

ஐந்தடிக்குக் குறைவான தொட்டி போதும் என்றால் இந்த வேலையில் இறங்காதீர்கள். கடையில் கண்ணாடி ஒட்டித் தருவதே மலிவு, வேகமும்கூட. பிளைவுட்டின் லாபம் ஆறடிக்கு மேலேதான் தெரிய ஆரம்பிக்கும், ஏனென்றால் முன்பக்கம் ஒரே ஒரு கண்ணாடி போதும், மீதி எல்லாம் பலகை.

கீழே சொல்வது 8 அடி நீளம், 3 அடி அகலம், 2 அடி உயரத் தொட்டிக்கு. 8×4 ஷீட்டிலிருந்து வீணாக்காமல் வெட்டக்கூடிய அளவு இது. புதிதாகச் செய்கிறவர்கள் தடுமாறுவதைப் பார்த்தால், பலகை வெட்டத் தெரியாமல் கெடுத்தவர்கள் குறைவு. எதற்குப் பின் எதைச் செய்வது என்று தெரியாமல் கெடுத்தவர்கள்தான் அதிகம். அதனால் ஒரு தடவை கடைசி வரை படித்துவிட்டு அப்புறம் ரம்பத்தை எடுங்கள்.

1. முதலில் மீன், பிறகு அளவு

அகலத்தைத் தீர்மானிப்பது மீன். ஆஸ்கர் ஒரு அடியைத் தொடும், சில்வர் அரோவானா மூன்றடி வரை போகும். மீன் உடம்பை மடக்காமல் திரும்ப வேண்டும், அதற்கு நீளத்தை விட அகலம்தான் உதவும். சென்னை கொளத்தூரில் விரல் நீளத்தில் விற்கிற ரெட்டெயில் கேட்ஃபிஷ் மூன்றடிக்கு மேல் வளரக்கூடியது. அதை மனதில் வைத்து இந்தத் தொட்டியைக் கட்டாதீர்கள், பத்தாது.

உயரத்தில் மட்டும் ஆசைப்படக் கூடாது. தண்ணீர் சுவரைத் தள்ளும் விசை ஆழத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும். நம் தொட்டியில் 55 செ.மீ. தண்ணீர் நின்றால் முன்சுவரைச் சுமார் 360 கிலோ எடைக்குச் சமமான விசை தள்ளும். ஆழத்தை 75 செ.மீ. ஆக்கினால் அது ஏறக்குறைய இரட்டிப்பாகிவிடும், கண்ணாடித் தடிமன், பலகை, சட்டம் எல்லாவற்றையும் மறுபடி கணக்குப் போட வேண்டியிருக்கும். அகலத்தைக் கூட்டினால் முன்சுவருக்கு ஒன்றும் ஆகாது, எடை மட்டும்தான் ஏறும்.

2. தரை, ஸ்டாண்டு, வாசல்

தண்ணீர் மட்டும் 1,150 லிட்டருக்குக் கொஞ்சம் மேல். பலகை, கண்ணாடி, மணல், கல் எல்லாம் சேர்த்தால் 1.4 டன் தாண்டும். தொட்டி உட்காரும் இடம் 2.2 சதுர மீட்டர்தான், அதாவது சதுர மீட்டருக்கு 600 கிலோவுக்கு மேல். இந்தியத் தரவிதி ஐ.எஸ். 875-இன்படி வீட்டு அறைகளின் தளத்துக்கு எடுக்கும் பயன்பாட்டுச் சுமை சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிலோ. ஆகவே தரைத்தளம் மட்டுமே. மாடியில்தான் வேண்டும் என்றால் கட்டமைப்புப் பொறியாளரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். பீம் மேலேதான் வைக்கிறேன், ஒன்றும் ஆகாது என்று மேஸ்திரி சொல்வதை நம்பி இறங்க வேண்டாம்.

டைல்ஸ் தரையாக இருந்தால் தொட்டி வரும் இடம் முழுக்கத் தட்டிப் பாருங்கள். வெற்றுச் சத்தம் கேட்கும் டைலுக்கு அடியில் கலவை இல்லை, ஸ்டாண்டின் கால் அதன் மேல் வந்தால் உடையும்.

ஸ்டாண்டை வெல்டிங் பட்டறையில் செய்யச் சொல்லுங்கள், 2 அங்குலச் சதுர இரும்புக் குழாயில். எட்டுக் கால், ஒவ்வொரு காலுக்கும் அடியில் 4 அங்குலச் சதுரத் தகடு, மேல் சட்டத்தில் ஒன்றரை அடிக்கு ஒரு குறுக்குக் குழாய். பிளைவுட் அடிப்பலகைக்கு முழுக்கத் தாங்கல் வேண்டும், நான்கு ஓரத்தில் மட்டும் உட்கார்ந்தால் நடுவில் தொய்யும், தொய்ந்தால் தண்ணீர் புகாமல் இருக்க உள்ளே பூசிய எபாக்சிப் பிசின் விரிசல் விடும். வந்ததும் ரசமட்டம் வைத்துப் பாருங்கள். எட்டடி நீளத்துக்கு டியூப் லெவல், அதாவது தண்ணீர் நிரப்பிய குழாய் மட்டம், இன்னும் நம்பகம்.

வாசலை அளப்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். தொட்டியைச் சாய்த்துத் தூக்கினால் இரண்டரை அடி வாசலில் நுழைந்துவிடும், சிக்கல் அதற்கு அடுத்த திருப்பத்தில்தான் வரும், எட்டடி நீளம் நடைகூடத்தில் திரும்பாது. தரையில் சாக்பீஸால் கோடு போட்டுப் பார்த்துவிட்டு, திரும்பாது என்று தெரிந்தால் அறைக்குள்ளேயே கூட்டுங்கள்.

3. பலகை வாங்கும்போது

18 மி.மீ. தடிமனில் மூன்று ஷீட், ஐ.எஸ். 710 மரைன் தரம். ‘மரைன்’ என்று முத்திரை குத்தியிருப்பது போதாது, ஐ.எஸ்.ஐ. குறியும் 710 என்ற எண்ணும் இருக்க வேண்டும். கடைக்காரர் 303 காட்டி இதுவும் வாட்டர்ப்ரூஃப்தான் என்பார். அது சமையலறை அலமாரிக்குச் சரி, இதற்கு வேண்டாம்.

எல்லாவற்றையும் எபாக்சிதானே மூடப்போகிறது, எந்தப் பலகையாக இருந்தால் என்ன என்று கேட்பார்கள். பூச்சில் ஒரு குண்டூசித் துளை விழுந்தால் போதும், தண்ணீர் உள்ளே போகும். நல்ல பலகையானால் அந்த இடம் மட்டும் கறுக்கும், மட்டமான பலகையானால் பசை விட்டு அடுக்கு அடுக்காகப் பிரியும்.

ஷீட்டின் விளிம்பைப் பார்த்தே பாதி தெரிந்துவிடும். அடுக்குகளுக்கு நடுவே இடைவெளி தெரிந்தால் எடுக்காதீர்கள். ஒரு சின்னத் துண்டு வாங்கிக் கொதிக்கும் தண்ணீரில் சில மணி நேரம் போட்டுப் பாருங்கள். 710 தரத்துக்கான சோதனையே 72 மணி நேரம் கொதிக்க வைப்பது, அதனால் ஒரு மதியத்துக்குள் பிரிகிற துண்டு அந்தத் தரமே இல்லை.

4. வெட்டும் கணக்கு

ஷீட் என்பது 2440 × 1220 மி.மீ. ரம்பம் ஒவ்வொரு வெட்டுக்கும் 3 முதல் 4 மி.மீ. தின்னும், அதைச் சேர்த்தே இந்த அளவுகள்:

முதல் ஷீட்டில் அடிப்பலகை 2440 × 914. மீதியில் 100 மி.மீ. அகலத்தில் இரண்டு நீளப் பட்டைகள், இவை மேல் சட்டத்துக்கு. கடைசியில் மிஞ்சும் 90 சொச்சம் மி.மீ. பட்டையிலிருந்து இரண்டு குறுக்குச் சட்டங்கள்.

இரண்டாவது ஷீட்டில் முன்சுவர், பின்சுவர், ஒவ்வொன்றும் 2440 × 605.

மூன்றாவது ஷீட்டில் பக்கச் சுவர் இரண்டு, 878 × 605. பக்கச் சுவர்கள் முன், பின் சுவர்களுக்கு நடுவில் பொருந்துவதால் 914-இல் இரண்டு பலகைத் தடிமனை, அதாவது 36 மி.மீ.யைக் கழித்திருக்கிறோம். இந்தக் கழித்தலை விட்டுவிட்டு வெட்டியவர்கள் நிறையப் பேர். மீதியில் முன்சுவர் ஜன்னலைச் சுற்றி வெளியே ஒட்டும் இரட்டைப் பட்டைகள்.

பெரிய வெட்டுகளைப் பேனல் சா (முழு ஷீட்டை நேராக வெட்டும் மெஷின்) உள்ள கடையிலேயே வெட்டி வாங்குங்கள். கை மெஷினில் எட்டடி நேராக வெட்டுவது ஆசாரிக்கே சிரமம், விளிம்பு வளைந்தால் மூட்டில் இடைவெளி விழும்.

5. கூட்டுவதற்கு முன்பே ஜன்னலும் ஓட்டையும்

முன்சுவரில் மேலும் கீழும் 75, இரு பக்கமும் 100 மி.மீ. விட்டு ஜன்னல் வெட்டுங்கள். ஜன்னல் 2240 × 455 வரும். நான்கு மூலையிலும் முதலில் ஓரங்குல வட்ட ஓட்டை போட்டு, அந்த ஓட்டைகளை ஜிக்ஸாவால் இணையுங்கள். கூர்மையான உள்மூலையில்தான் பலகை விரிசல் விட ஆரம்பிக்கும். எபாக்சியும் கூர்மூலையில் நிற்காது, வழிந்துவிடும். அதே காரணத்துக்காக விளிம்புகளையும் உப்புத்தாளால் மழுக்கிவிடுங்கள்.

வெட்டியெடுத்த ஜன்னல் துண்டை எறியாதீர்கள். எபாக்சி பூசிப் பழகுவதற்கு அதைவிட நல்ல பலகை கிடைக்காது.

குழாய் ஓட்டைகளையும் இப்போதே போட வேண்டும், ஏனென்றால் ஓட்டையின் உள்விளிம்புக்கும் எபாக்சி ஏற வேண்டும். பூச்சு முடிந்த பிறகு துளைத்தால் அந்த வட்டம் முழுக்கப் பூச்சில்லாத வெறும் மரம். பின்சுவரில் மேலே ஒன்றரை அங்குல டேங்க் கனெக்டருக்கு (சுவரில் குழாயைப் பொருத்தும் பாகம்) இரண்டு ஓட்டைகள், ஒன்று தண்ணீர் கீழே இருக்கும் ஃபில்டர் தொட்டிக்கு வழிந்து இறங்க, இன்னொன்று முதலாவது அடைத்தால் காப்பாற்ற. பூச்சின் தடிமனுக்காக ஓட்டையை 3 மி.மீ. பெரிதாக வெட்டுங்கள். அடிப்பலகையில் மட்டும் ஓட்டை வேண்டாம், அங்கே கனெக்டரின் ரப்பர் வளையம் (கேஸ்கெட்) போனால் தொட்டி முழுவதும் வீட்டுக்குள் காலியாகும்.

6. கூட்டுவது

முதலில் பசை இல்லாமல் முழுப் பெட்டியையும் கூட்டி, இரண்டு மூலைவிட்டங்களையும் அளந்து பாருங்கள். வித்தியாசம் 3 மி.மீ.க்குள் இருந்தால் சரி. அப்படிக் கூட்டி இருக்கும்போதே ஒவ்வொரு மூட்டுக்கும் பென்சிலில் எண் போட்டுவிடுங்கள்.

பசை எபாக்சிதான். ஆசாரி வழக்கமாகப் பயன்படுத்தும் வெள்ளைப் பசை எப்போதும் ஈரத்தில் நிற்கும் மூட்டுக்கு ஆகாது. ஸ்க்ரூ 2 அங்குலம், எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) 304, 10 முதல் 15 செ.மீ.க்கு ஒன்று, ஒவ்வொன்றுக்கும் 3 மி.மீ. முன்துளை. ஜிப்சம் வேலைக்கு வரும் கறுப்பு ஸ்க்ரூ வேண்டாம், துருப்பிடித்து வீங்கினால் அதுவே பூச்சை உள்ளிருந்து உடைக்கும். தலையைப் பலகைக்குள் இறக்கி எபாக்சிப் புட்டியால் மூடுங்கள்.

அடிப்பலகை மேல் பின்சுவர், பிறகு பக்கங்கள், கடைசியில் முன்சுவர். ஜன்னலின் வெளிப் பட்டைகளையும் ஒட்டிவிட்டு, முன், பின் சுவர்களின் உச்சியில் நீளப் பட்டைகளைப் படுக்கையாகப் பூட்டுங்கள்.

இங்கே நிறுத்துங்கள். குறுக்குச் சட்டங்களை இப்போது பூட்டக் கூடாது. 2340 மி.மீ. நீளக் கண்ணாடி உள்ளே போக வேண்டும், நடுவில் இரண்டு சட்டம் இருந்தால் எப்படிச் சாய்த்தாலும் நுழையாது. பெட்டியைப் பக்காவாக முடித்துவிட்டுக் கண்ணாடியைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பவர்கள் இந்த இடத்தில் மாட்டியவர்கள்தான். சட்டங்களைத் தனியாக வைத்து, அவற்றுக்கும் எல்லாப் பக்கமும் எபாக்சி பூசிவையுங்கள்.

7. எபாக்சி: அவசரமே வேண்டாத இடம்

தொட்டியின் ஆயுள் இங்கேதான் இருக்கிறது. பத்துக் கிலோ வரை வாங்குங்கள். உள்பரப்பு ஐந்து சதுர மீட்டருக்குக் கொஞ்சம் மேல், ஃபைபர் துணியோடு சேர்த்து சதுர மீட்டருக்கு ஒன்றேகால் கிலோ போகும், மீதி மூட்டுப் புட்டிக்கும் வெளிப்பூச்சுக்கும்.

வாங்கும்போது மூன்று குழப்பம் வரும். முதலாவது, ஃபைபர் கடைகளில் சகஜமாகக் கிடைப்பது பாலியெஸ்டர் ரெசின். அது மரத்தில் எபாக்சி அளவுக்குப் பிடிக்காது, வருடங்கள் போனால் தோல் போல உரியும். இரண்டாவது, பெயிண்ட் கடையில் கிடைக்கும் எபாக்சி பெயிண்டில் தின்னர் இருக்கும், அது ஆவியாகிப் போகும்போது துளை விட்டுவிட்டுப் போகும். சால்வென்ட் இல்லாத எபாக்சி, குடிநீர்த் தொட்டிக்கு ஏற்றது என்று உறையிலேயே போட்டிருப்பது, அதைத்தான் கேட்டு வாங்க வேண்டும். மூன்றாவது துணி. நூல்கள் தாறுமாறாகக் கிடக்கும் மேட் வேண்டாம், அதைக் கட்டிவைத்திருக்கும் பசை பாலியெஸ்டரில்தான் கரையும், எபாக்சியில் கரையாமல் வெள்ளையாக விறைத்து நிற்கும். நெய்த கிளாஸ் துணி, 200 முதல் 300 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம்) கேளுங்கள்.

எபாக்சி ரெசின், அதை இறுகவைக்கும் ஹார்டனர் என்று இரண்டு பாகமாக வரும். கலப்பது தராசில். சமையலறை டிஜிட்டல் தராசு போதும். உறையில் போட்டிருக்கும் விகிதம் எடைக்கா அளவுக்கா என்று பாருங்கள், இரண்டும் வேறு. சீக்கிரம் காயட்டும் என்று ஹார்டனரைக் கூட்டுகிறவர்கள் உண்டு. கூடினாலும் குறைந்தாலும் பூச்சு பிசுபிசுப்பாகவே நின்றுவிடும், சுரண்டி எடுப்பதைத் தவிர வழியில்லை. நம் ஊர் வெயிலில் ஒரு தடவைக்கு 300 கிராமுக்கு மேல் கலக்காதீர்கள், டப்பாவிலேயே வைத்திருந்தால் சூடேறிப் புகையும். கலந்ததும் அகலமான தட்டில் ஊற்றிவிட்டால் நேரம் கிடைக்கும்.

பூசும் நேரம் மாலை நாலு மணிக்கு மேல். காலையில் பூசினால் வெயில் ஏற ஏற மரத்துக்குள் இருக்கும் காற்று விரிந்து குமிழியாக வெளியே வரும், ஒவ்வொரு குமிழியும் ஒரு துளை. மாலையில் மரம் குளிரும்போது பூச்சை உள்ளே இழுத்துக்கொள்ளும். மழை நாளில் தொடவே வேண்டாம்.

வரிசை இது. மரத்தின் மேல் மெல்லிய முதல் பூச்சு. அது ஒட்டும் பதத்தில் இருக்கும்போதே எல்லா உள்மூலையிலும் புட்டி, எபாக்சியோடு சிலிக்கா பவுடர் கலந்து, சப்பாத்தி மாவை விடக் கொஞ்சம் இளகலாக. விரலால் இழுத்து வளைவாக்குங்கள். கிளாஸ் துணி 90 டிகிரி மூலையில் மடங்காது, பின்னால் காற்று நிற்கும், அதற்குத்தான் இந்த வளைவு. அப்புறம் மூட்டுகள் எல்லாவற்றிலும் 4 அங்குலத் துணிப் பட்டை, அதற்கு மேல் உள்பக்கம் முழுக்க ஒரு அடுக்குத் துணி, துணி கண்ணுக்குத் தெரியாமல் போகும் வரை ரோலர். அதன் மேல் இரண்டு, மூன்று பூச்சு. வெளிமூலைகளுக்கும் ஒரு பட்டை ஒட்டினால் நல்லது.

ஒவ்வொரு பூச்சுக்கும் வேறு நிறமி சேருங்கள், ஒன்று சாம்பல், அடுத்தது கறுப்பு. விட்டுப்போன இடம் தானாகக் காட்டிக்கொடுக்கும்.

ஒரு பூச்சு ஒட்டும் பதத்தில் இருக்கும்போதே அடுத்ததைப் போட்டால் தேய்க்க வேண்டியதில்லை. ராத்திரி தாண்டிவிட்டால் மேலே மெழுகு போல ஒரு படலம் படிந்திருக்கும், ஈரக்காற்றில் இது சகஜம். அதைத் தண்ணீரும் ஸ்க்ரப்பரும் கொண்டு கழுவி, காய்ந்த பிறகு 120 உப்புத்தாள். கழுவாமல் தேய்த்தால் படலம் கீறல்களுக்குள் இறங்கிவிடும், அடுத்த பூச்சு பிடிக்காது.

கையுறை கட்டாயம். எபாக்சி தோலில் பட்டுக்கொண்டே இருந்தால் ஒரு கட்டத்தில் ஒவ்வாமை வரும், வந்தால் போகாது. தேய்க்கும்போது முகக்கவசமும் வேண்டும்.

கடைசிப் பூச்சுக்குப் பின் இருட்டில் டார்ச்சைச் சுவரோடு சாய்த்து அடித்துப் பாருங்கள். துளைகள் நிழலாகத் தெரியும், ஒவ்வொன்றையும் அடைத்த பிறகு ஒரு வாரம் தொடாமல் விடுங்கள்.

8. கண்ணாடி

12 மி.மீ. சாதாரணக் கண்ணாடி, 2340 × 555, நான்கு விளிம்பும் பாலிஷ் போட்டு. ஜன்னலைச் சுற்றி 50 மி.மீ. பலகையில் படியும். கண்ணாடி உள்பக்கம்தான் வர வேண்டும், தண்ணீரே அதைப் பலகையோடு அழுத்திப் பிடித்துக்கொள்ளும். வெளியே ஒட்டினால் சிலிகான் ஒன்றுதான் தாங்கும். கண்ணாடிக்கு ஆர்டர் கொடுப்பது எபாக்சி முடிந்த பிறகு, பூச்சு உள்ளளவைக் குறைத்திருக்கும், மறுபடி அளந்து கொடுங்கள்.

ஒரு சொட்டு சிலிகான் எடுப்பதற்கு முன் எபாக்சி வேலை அத்தனையும் முடிந்திருக்க வேண்டும். காய்ந்த சிலிகான் மேல் எபாக்சி பிடிக்காது, பெயிண்டும் பிடிக்காது. சிலிகான் பட்ட இடத்தில் பின்னால் ஒரு துளை தெரிந்தால் முழுக்கச் சுரண்டி எடுக்க வேண்டிவரும்.

புளிப்பு வாசனை அடிக்கும் நூறு சதவீத சிலிகான் வாங்குங்கள். பாத்ரூமுக்கான, பூஞ்சை பிடிக்காத வகை வேண்டாம், அதில் கலந்திருக்கும் மருந்து மீனுக்கு ஆகாது.

தொட்டியை முன்பக்கம் தரையைப் பார்க்கும்படி கவிழ்த்துங்கள். கண்ணாடி படியும் பட்டையை 80 தாளால் கீறி, தூசி துடைத்து, ஸ்பிரிட்டால் துடையுங்கள். 3 மி.மீ. தடிமனில் முன்பே காயவைத்த சிலிகான் துண்டுகளை ஆங்காங்கே வையுங்கள், இல்லாவிட்டால் கண்ணாடியின் கனத்தில் சிலிகான் எல்லாம் பிதுங்கி வெளியே போய்விடும். கண்ணாடி ஏறக்குறைய 39 கிலோ, மூன்று பேரும் சக்ஷன் கப்பும் வேண்டும். சிலிகானை இரண்டு கனமான வரியாக இடைவெளி விடாமல் இழுத்து, மேல் பட்டையைத் தாண்டிக் கண்ணாடியைக் கொண்டுபோய் ஒரே தடவையில் இறக்குங்கள். இறக்கிய பிறகு நகர்த்தாதீர்கள். பிறகு உள்விளிம்பைச் சுற்றி ஒரு வரி.

24 மணி நேரம் என்று டியூபில் போட்டிருப்பதை நம்பாதீர்கள். சிலிகான் காற்றின் ஈரத்தை எடுத்து ஓரத்திலிருந்து உள்நோக்கிக் காயும், நாளைக்கு இரண்டு மூன்று மி.மீ.தான். ஒரு பக்கம் கண்ணாடி, ஒரு பக்கம் எபாக்சி, 50 மி.மீ. அகலம். மூன்று வாரம் கொடுங்கள்.

9. குறுக்குச் சட்டம்

தொட்டியை நிமிர்த்தி ஸ்டாண்டில் வைத்து, மூன்றில் ஒரு பங்கு இடைவெளிகளில் இரண்டு சட்டங்களையும் முன்பின் பட்டைகளின் மேல் போடுங்கள். ஒவ்வொரு முனையிலும் 8 மி.மீ. எஸ்.எஸ். போல்ட் இரண்டு, துளையின் உள்ளே எபாக்சி தடவிக் காயவிட்டு. இது தண்ணீர் மட்டத்துக்கு மேலே இருப்பதால் கசிவு பயமில்லை. ஆனால் இது இல்லாமல் தண்ணீர் விட்டால் முன்சுவர் நடுவில் பிதுங்கும்.

10. தண்ணீர்ச் சோதனை

முடிந்தால் வெளியே, மட்டமான தரையில். முடியாவிட்டால் தரையில் செய்தித்தாளை விரித்துக்கொள்ளுங்கள், ஈரம் பட்டால் உடனே தெரியும்.

முதலில் 15 செ.மீ., சில மணி நேரம். பிறகு 30, ஒரு ராத்திரி. பிறகு 55, ஒரு வாரம். முழுசாக நிரப்பிவிட்டுப் பார்த்தால் கசிவு எந்த உயரத்தில் என்று தெரியாது, கட்டம் கட்டமாக ஏற்றினால் எங்கே நின்றதோ அங்கே தேடலாம்.

காலியாக இருக்கும்போதே முன்சுவர் உச்சியில் முனைக்கு முனை நூல் பிடித்து இடைவெளியைக் குறித்துவையுங்கள். நிரம்பிய பின் 2, 3 மி.மீ. பிதுங்குவது இயல்பு. 5-ஐத் தாண்டினால் தண்ணீரை இறக்கிவிட்டு நடுவில் மூன்றாவது சட்டம் சேருங்கள்.

11. ஓட ஆரம்பித்த பிறகு

சோதனைத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் ஃபில்டரை ஓடவிட்டு, அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யமாகும் வரை மீன் விடாதீர்கள். பம்ப் மணிக்கு 5,000 லிட்டர் அளவில் இருக்கட்டும். கரண்ட் போனால் மேலிருந்து வழிந்து இறங்கும் தண்ணீரைக் கீழே இருக்கும் ஃபில்டர் தொட்டி தாங்குகிறதா என்று பிளக்கைப் பிடுங்கிப் பாருங்கள். பம்பிலிருந்து மேலே திரும்பும் குழாயில் நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே ஒரு சின்ன ஓட்டை போட்டால் சைஃபன், அதாவது பம்ப் நின்றதும் தண்ணீர் அதே குழாய் வழியாகக் கீழே இழுபடுவது, உடைந்துவிடும். அரோவானா என்றால் மூடியைப் போட்டுப் பூட்டவும் வேண்டும், குதிக்கும்.

கல்லை நேரடியாக அடிப்பலகை மேல் உட்கார்த்தாதீர்கள், கீழே ஒரு ரப்பர் பாய் போடுங்கள். கீறல் விழுந்து மரம் தெரிந்தால் உடனே அந்த இடத்துக்குக் கீழே வரை தண்ணீரை இறக்கி, மின்விசிறி வைத்து நன்றாகக் காயவிட்டு, சுற்றிலும் இரண்டு அங்குலம் தேய்த்து, துணியோடு எபாக்சி பூசுங்கள். ஈர மரத்தின் மேல் பூசினால் அடியில் அழுகல் ஓடிக்கொண்டே இருக்கும், வெளியே பலகை வீங்கும் வரை தெரியாது.